வலப்பக்க வலி: வார்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 4

அடிவயிற்றில் வலது பக்கம் வலி என்றாலே குடல்வால் அழற்சி என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இன்று வந்தவரிடம் மட்டும் ஏதோ இடிக்கிறது. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுகிறார். காய்ச்சல் இல்லை, குமட்டல் இல்லை. போதாததற்கு, "பசிக்குது டாக்டர், சாப்பிடலாமா?" என்கிறார். குடல்வால் அழற்சியில் முதலில் போவது பசிதான். சி.டி. ஸ்கேன் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 5

குடல்வால் சாதுவாக இருக்கிறது. பெருங்குடலின் வெளிப்பக்கம் சின்னச் சின்னக் கொழுப்புத் தொங்கல்கள் உண்டு. அதில் ஒன்று முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று வீங்கியிருக்கிறது. படத்தில் முட்டை வடிவக் கொழுப்பு, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. எபிப்ளோயிக் அப்பெண்டஜைட்டிஸ். பெயரில்தான் மிரட்டல். வலி மாத்திரை கொடுத்தால் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்த பிறகுதான் இது தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 19

வயிற்றுவலி என்று வந்த சிறுவனுக்கு சீனியர் மார்பு எக்ஸ்ரே கேட்டார். மூச்சு வேகமாக இருந்ததை அவர்தான் கவனித்தார். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. அந்த வலிதான் வயிற்றில் தெரிந்திருக்கிறது.

மார்ச் 2

வகுப்பில் ஊமைப்பட நடிகர் ருடால்ஃப் வாலண்டினோவின் கதை. 1926இல் நியூயார்க்கில் குடல்வால் என்று நினைத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்தது ஓட்டை விழுந்த வயிற்றுப் புண். சில நாளில் தொற்று முற்றி இறந்தார், வயது 31. மேலே கசிந்த அமிலம் பெருங்குடலின் வலப்பக்கப் பள்ளத்தில் வழிந்து, குடல்வால் இருக்கும் இடத்திலேயே தேங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த ஏமாற்று. இதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

மார்ச் 11

இன்று ஆபரேஷன் தியேட்டரில் இப்படி ஒரு ஏமாற்றை நானும் பார்த்தேன். குடல்வால் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லை. அப்படியே மூடிவிடாமல், சிறுகுடலைப் பின்னோக்கி இரண்டடி பார்த்துக்கொண்டே போனார் சீனியர். சிவந்து வீங்கிய மெக்கல் பை! கருவில் இருந்தபோது குடலோடு இணைந்திருந்த குழாய் முழுதாக அடைபடாமல் விட்டுப்போன மிச்சம். நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு இருக்கும், பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

மார்ச் 15

புதிதாக ஒரு பெண். வலியில் துடிக்கிறார், தொட்டால் வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. முன்பும் இப்படி வந்ததாம், சிறுநீர் வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாகிறதாம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள் உருவாவதில் வரும் கோளாறான போர்ஃபிரியாவாக இருக்கலாம். அந்த நோயில் சிறுநீரில் கூடும் போர்ஃபோபிலினோஜன் என்ற பொருளுக்கான பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். அது வரும்வரை எந்த மருந்து எழுதினாலும், இந்த நோயைத் தூண்டிவிடும் மருந்துகளின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் என்று கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.