பாலம் பிரிகிற நேரம்

எங்கள் ஊரில் இரவு எப்போது தொடங்குகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆண்டு முழுவதும் பொழுது ஆறு மணியை ஒட்டியே சாயும். விளக்கு வைத்த பிறகும் வீடு திரும்பாத பிள்ளையைத் தேடி ஆள் போகும். மாஸ்கோவில் நான் கழித்த முதல் டிசம்பரில், மாலை நான்கு மணிக்கே அலுவலகச் சன்னல் கறுத்துப்போயிருந்தபோது அம்மா தொலைபேசியில் அழைத்து, "இங்கே இப்பதான் விளக்கு வெச்சேன், அங்கே இருட்டிருச்சா?" என்று கேட்டார். இந்திய நேரம் மாஸ்கோ நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், அந்த மாதத்தில் இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே வேளையில் இருட்டுகின்றன. "இருட்டிருச்சும்மா" என்றேன். "அப்ப வெளியே எங்கேயும் போகாதே" என்றார். அலுவலகம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது இரவில் கிளம்பும்போது நான் வானத்தைப் பார்ப்பதில்லை. எது எத்தனை மணிக்கு மூடும் என்று கணக்குப் பார்க்கிறேன். பூக்கடையும் மருந்துக்கடையும் சிற்றுண்டிச்சாலைகள் பலவும் விடிய விடியத் திறந்திருக்கிற மாஸ்கோவில், இரவு 11 மணிக்கு மேல் காலை 8 மணி வரை கடையில் மது வாங்க முடியாது. ஊரிலிருந்து வரும் விருந்தினர்கள் பெரும்பாலும் இந்த ஒரு விதியைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் உண்மையில் மனப்பாடம் செய்யவேண்டியது மெட்ரோவின் நேரத்தை. நள்ளிரவு ஒரு மணிக்கு நிலையத்தின் கதவு மூடுகிறது. அதே நேரத்தில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் நடைவழிகளும் மூடிவிடுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 12.50-க்கு ரயிலில் ஏறிவிட்டோம் என்ற நிம்மதியோடு பாதி தூரம் வந்து, தடம் மாறவேண்டிய நிலையத்தில் வழி அடைபட்டுக் குளிரில் மேலே ஏறி வந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த மெட்ரோவில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. நகர மையத்தை நோக்கிப் போகும் ரயிலில் ஆண்குரலும், மையத்தை விட்டு விலகும் ரயிலில் பெண்குரலும் நிலையங்களின் பெயர்களை அறிவிக்கும். காலையில் முதலாளி கூப்பிடுகிறார், இரவில் மனைவி கூப்பிடுகிறாள் என்று உள்ளூர்க்காரர்கள் இதற்கு ஒரு வேடிக்கை விளக்கம் வைத்திருக்கிறார்கள். மொழி புரியாத முதல் மாதங்களில், தூக்கக் கலக்கத்தில் தவறான ரயிலில் ஏறிவிட்டேனா என்பதை நான் அந்தக் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

மெட்ரோவைத் தவறவிட்டால், 2013 முதல் ஓடுகிற இரவுப் பேருந்துகள் முக்கியச் சாலைகளில் உண்டு. வாடகைக் காரும் செயலியில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் செஞ்சதுக்கத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று கார் அழைப்பவர், தாம் நகரத்துக்கு வெளியே வ்னூகவா விமான நிலையத்தில் நிற்பதாகத் தொலைபேசி காட்டினால் திகைக்கக் கூடாது. கிரெம்ளின் பக்கத்தில் இருப்பிடம் காட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞை இப்படித் திரிந்து வருவது 2016 வாக்கிலேயே ஊரறிந்த செய்தியாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கட்டட எண்ணைப் பார்த்துக் கையால் தட்டெழுதவேண்டும், அவ்வளவுதான்.

மேல்கோட்டைப் பற்றித்தான் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் உணவகத்துக்கோ நாடக அரங்குக்கோ போனால், கனத்த மேல்கோட்டோடு உள்ளே அமர்வது அநாகரிகம். வாசலை ஒட்டியுள்ள 'கர்தெரோப்' என்னும் இடத்தில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 'நமெரோக்' என்கிற எண் வில்லையை வாங்கிக்கொள்ளவேண்டும். முதன்முறை ஓர் அரங்கில் என் கோட்டை வாங்கிய மூதாட்டி கழுத்துப் பட்டையின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் கேட்கும்படி ஏதோ கடிந்துகொண்டார். மாட்டுவதற்கான நாடா என் கோட்டில் இல்லை. சென்னையில் வாங்கியபோதே இல்லை, அது இருக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. மறுநாள் என் மனைவி, ஊரிலிருந்து முறுக்கு கட்டி வந்த மஞ்சள் பையின் கைப்பிடியை நான்கு விரற்கடை அளவுக்கு நறுக்கி அந்த இடத்தில் தைத்துவிட்டாள். அடுத்த முறை வேறோர் இடத்தில் வேறொரு மூதாட்டி அந்த மஞ்சள் நாடாவை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கொக்கியில் மாட்டினார்.

நடன விடுதிகளின் வாசலில் நடக்கிற சோதனைக்கு இப்படிப்பட்ட தையல் எதுவும் உதவாது. அதன் பெயரே 'ஃபேஸ் கன்ட்ரோல்'. வாசலில் நிற்பவர் உங்களை ஒரு கணம் மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்று தனியார் நிகழ்ச்சி என்பார். உங்களுக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போவார். நிறத்தினாலா, காலணியினாலா, நான்கு ஆண்கள் கூட்டமாக வந்ததனாலா என்று வாசலில் வாதாடிப் பயனில்லை என்பது என் கருத்து. அப்படி வாதாடிய நண்பர்களோடு நானும் பனியில் நின்றிருக்கிறேன். அதைவிட அருகிலுள்ள ஜார்ஜிய உணவகம் ஒன்றில் நுழைவது மேல். புலால் உண்ணாதவருக்குப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஹச்சாப்புரி ரொட்டியும், காராமணி குழம்பின் தூரத்து உறவு போலிருக்கும் லோபியோவும் அங்கே உறுதியாகக் கிடைக்கும். கையில் ரொக்கம் இருக்கவேண்டும். 2022 மார்ச் முதல் வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் இங்கே வேலை செய்வதில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் மழுப்பிப் பதில் சொல்வதில்லை. இரண்டாயிரங்களில் இங்கே படித்த மூத்தவர்கள், ஹிட்லரின் பிறந்தநாளான ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் இனவெறி பிடித்த மொட்டைத்தலைக் கும்பல்களுக்கு அஞ்சி விடுதியை விட்டு வெளியே வராமல் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவு அச்சத்தை நான் அனுபவித்ததில்லை. ஆனாலும் கால்பந்தாட்டம் முடிந்த இரவில் ரசிகர்கள் நிறைந்த ரயில் பெட்டியில் ஏறுவதில்லை. 2024 மார்ச்சில் குரோக்கஸ் அரங்கில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஆவணச் சோதனை கூடியிருப்பதால், கடவுச்சீட்டையும் குடிவரவு அட்டையையும் தங்குமிடப் பதிவுத் தாளையும் எடுத்துக்கொள்ளாமல் இரவில் கீழே பால் வாங்கக்கூடப் போவதில்லை.

'ரஸ்வோத்' என்ற சொல்லை எனக்குக் கற்பித்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். அதற்கு முதற்பொருள் விவாகரத்து. கொச்சைவழக்கில் ஏமாற்று வேலையையும் அது குறிக்கும்: தெருவில் இனிமையாகப் பேச்சுக் கொடுக்கிற பெண் தனக்குத் தெரிந்த மதுக்கூடம் என்று அழைத்துப் போவாள், விலைப்பட்டியல் கண்ணில் படாது, இரண்டு கோப்பைக்குப் பிறகு வருகிற ரசீது ஒரு மாத வாடகையைத் தொடும். மூன்றாவது பொருள் பீட்டர்ஸ்பர்க்கில்தான் விளங்கும் என்று அவர் சிரித்தார்.

விளங்கியது ஒரு ஜூன் மாதத்தில், வேலை நிமித்தம் அங்கே போயிருந்தபோது. பொழுது சாயவே இரவு பத்தரை மணி ஆகிற வெண்ணிரவுக் காலம் அது. அதற்குப் பின்னும் வானம் கறுக்காமல், கழுவி வைத்த ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் அப்படியே நின்றது. என் விடுதி வசீலியெவ்ஸ்கி தீவில் இருந்தது. நானோ கப்பல்களுக்கு வழிவிட அரண்மனைப் பாலம் இரண்டாகப் பிரிந்து எழுவதைப் பார்க்கும் ஆவலில், நேவா நதியின் இந்தக் கரையில், குளிர்கால அரண்மனைப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தேன். 1.10-க்குப் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, தார்ச்சாலையும் விளக்குக் கம்பங்களும் சேர்ந்தே வானை நோக்கி எழுந்தன. இரு சிறகுகளுக்கும் நடுவே கோட்டைத் தேவாலயத்தின் பொற்கூம்பு தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அருகில் தூண்டிலோடு நின்ற பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்தக் கரை?" என்றார். எதிர்க்கரையைக் காட்டினேன். அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "ஐந்து மணி" என்றார்.

மெட்ரோ அதற்குள் மூடிவிட்டது. தூக்க முடியாத பாலம் ஊருக்கு வெளியே வட்டச்சாலையில் ஒன்று உண்டு, 2004-இல் திறந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வர வாடகைக் கார் கேட்ட தொகை அன்றைய விடுதிக் கட்டணத்தைவிட அதிகம். குளிர் தாங்காமல் ஒரு சிற்றுண்டிச்சாலையில் போய்த் தேநீர் குடித்துவிட்டு மூன்றேகாலுக்குத் திரும்பி வந்தபோது, பெரியவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்: 2.50-லிருந்து 3.10 வரை, இருபதே நிமிடம், பாலத்தை இறக்கியிருந்தார்களாம். இப்போது மீண்டும் செங்குத்தாக நின்றது. அதன் இடைவெளியில் மரக்கட்டை ஏற்றிய சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஓசையே இல்லாமல் பின்லாந்து வளைகுடாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் தமது மடக்கு நாற்காலியை எனக்குத் தந்துவிட்டுத் தாம் நின்றபடியே தூண்டில் போட்டார். விடியும் வரை அவருக்கு ஒரு மீன்கூட அகப்படவில்லை.

ஐந்தே காலுக்கு விடுதிக்குள் நுழைந்தபோது, வரவேற்பு மேசைப் பெண் என் நனைந்த காலணியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ரஸ்வோத்?" என்று ஒரே சொல்லில் கேட்டார். தலையசைத்தேன். அவர் எதுவும் பேசாமல் எழுந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார்.