தொட்டியடிக்குப் போகும் அரிசித் தட்டு

புழுங்கல் அரிசி ஆலையில் ஆட்களை வைத்து வேலை வாங்குவது ஏன் கடினம் என்றால், தவறு ஒருவர் கையில் நடக்கும், அது தெரிய வருவது இன்னொருவர் கையில், அதுவும் மறுநாள். நெல் தொட்டியில் ஐந்தாறு மணி நேரம் ஊறி, ஆவியில் வெந்து, டிரையரில் பாதி காய்ந்து, ஆறி, மறுபடி காய்ந்து, ஷெல்லரில் உமி நீங்கி, பாலிஷர் ஏறி, சார்டெக்ஸில் நிறம் பிரிந்து மூட்டைக்குள் போக ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கிறது. தொட்டியடியில் நின்றவர் அதற்குள் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய் உறங்கி எழுந்திருப்பார். அரிசி பழுப்பாக வருகிறதே என்று சத்தம் வாங்குகிறவர், கடைசியில் மூட்டை தைக்கும் இடத்தில் நிற்பவர்.

தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் சூப்பர்வைசருக்கு இயந்திர அறிவு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுக்கு இந்த ஒரு நாள் இடைவெளியைப் பற்றிய புரிதலும் வேண்டும். அந்த இடைவெளியில் பிசகை ஒளிக்கத் தோன்றும் ஆலை, சொல்லத் தோன்றும் ஆலை என்று இரண்டு வகைதான். எந்த வகை என்பது பெரும்பாலும் சூப்பர்வைசர் முதலில் கேட்கும் கேள்வியில் முடிவாகிவிடுகிறது.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். தொட்டி பார்ப்பவர் கண்ணயர்ந்துவிட்டார். ஆவி வால்வு திறந்தே இருந்து, 65 முதல் 70 டிகிரிக்குள் நிற்க வேண்டிய ஊறல் தண்ணீர் 80-ஐத் தொட்டுவிட்டது. இந்தச் சூட்டில் நெல்லின் வாய் பிளந்து மாவு தண்ணீரில் இறங்கும், அரிசியின் நிறமும் ஏறும். அவர் உடனே வந்து சொன்னால் செய்ய நிறைய இருக்கிறது. சூட்டுத் தண்ணீரை வடிக்கலாம். நெல்லை நசுக்கிப் பார்த்து, ஊறல் பதம் வந்திருந்தால் முன்னதாகவே ஆவிக்கு விடலாம், ஆவி நிமிடத்தைக் குறைக்கலாம். முக்கியமாக, அந்த லாட்டை (ஒரே தொட்டியில் ஊறிய நெல்) மட்டும் தனி பின்னில் (நெல் கொட்டி வைக்கும் கலன்) ஏற்றி, தனியாக அரைத்து, அதற்குரிய விலைக்கு விற்கலாம். சொல்லாமல் விட்டால் அது மற்ற தொட்டி நெல்லோடு கலந்துவிடும். ஒரு தொட்டி 5 டன் என்றால், அது போய்ச் சேர்ந்த 20 டன்னும் பழுப்பு கலந்த அரிசியாகவே வெளியே வரும். சார்டெக்ஸ் பழுப்பைத் தள்ளத் தள்ள, அதோடு நல்ல அரிசியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுபடிக் குழாயில் போய்க்கொண்டிருக்கும்.

அவர் வந்து சொல்லும்போது முதலில் வர வேண்டிய கேள்வி, "எப்போலேருந்துண்ணே?" என்பதுதான். எந்த நேரத்திலிருந்து என்று தெரிந்தால்தான் எந்த லாட்டைப் பிரிப்பது என்று தெரியும். "யாரு பார்த்த வேலை இது?" என்று தொடங்கினால் அந்த நிமிடமே நேரம் மறைந்துவிடும். "இப்பதான் பார்த்தேன்" என்ற பதில்தான் வரும். ஒரு மணி நேரமாகக் கொதித்ததா, பத்து நிமிடமா என்பது பிறகு யாருக்கும் தெரியாது. சம்பளத்தில் பிடிக்கும் ஆலைகளில் இது இன்னும் மோசம். முந்நூறு ரூபாய் பிடித்ததால் அடுத்த முறை மறைக்கப்படும் பிசகு ஒரு லோடு அரிசியின் விலையைக் கீழே இழுத்துவிடும். பிடித்தம் என்ற வழக்கத்தை ஊறல், அவியல், டிரையர் மூன்று இடத்திலும் அடியோடு எடுத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதனால் எல்லாமே மன்னிப்பு என்று ஆகிவிடாது. கண்ணயர்ந்தவர் மூன்றாவது முறையும் அயர்கிறார் என்றால் முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து எத்தனை இரவு, நடுவில் மாற்று ஆள் உண்டா, சாப்பாட்டு நேரத்தில் தொட்டியை யார் பார்த்தார்கள் என்று தெரியும். ஆனால் வெப்பமானியைப் பார்க்காமலே அட்டையில் 68, 68, 68 என்று எழுதி வைப்பது வேறு வகை. உண்மையில் பார்த்து எழுதிய அட்டையில் 66, 69, 67 என்று ஏறி இறங்கித்தான் இருக்கும். பிசகுக்கு மென்மையும் பொய்க் கணக்குக்குக் கண்டிப்பும் என்ற வேறுபாடு ஆலையில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மாட்டிய பிறகு சொல்லும் விதியை யாரும் விதியாக எடுத்துக்கொள்வதில்லை.

அட்டை என்று சொன்னது லாட் அட்டையை. அதில் தொட்டி எண், நெல் ரகம், நெல் கொட்டிய நேரம், வெந்நீர் விட்ட நேரம், மணிக்கொரு தடவை வெப்பம், வடித்த நேரம், ஆவி விட்ட நிமிடம், எழுதியவர் கையெழுத்து இவ்வளவு இருந்தால் போதும். இதற்கு மேல் கட்டம் போட்டால் எழுத மாட்டார்கள். ரகம் எழுதுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஏ.டி.டி. 43 மெல்லிய நெல், சி.ஆர். 1009 பருத்த நெல். இரண்டையும் ஒரே நேரக் கணக்கில் ஊறவைத்தால் பருத்தது உள்ளே தண்ணீர் ஏறாமல், வெந்த பிறகும் நடுவில் வெள்ளையாக நிற்கும். அட்டை தொட்டியோடு நின்றுவிடாமல், பிளாஸ்டிக் உறையில் லாட்டோடு டிரையருக்கும் ஷெல்லருக்கும் போக வேண்டும். வடநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பிகள் இன்று எல்லா ஆலையிலும் இருக்கிறார்கள். அட்டையில் எண்களும் தொட்டிக்கு ஒரு வண்ணமும் இருந்தால் மொழி குறுக்கே நிற்காது. அவர்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஆமா" என்பார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு "எல்லாம் ஓடுது" என்று சொல்லிப் போவது கைமாற்றல் ஆகாது. மூட்டை தைக்கும் இடத்திலிருந்து தொடங்கி, பாலிஷர், ஷெல்லர், டிரையர், தொட்டி, பாய்லர் என்று பின்னோக்கி நடப்பது நல்ல பழக்கம். கடைசியில் என்ன குறை தெரிகிறதோ, அதற்கான காரணத்தை முந்தைய இடத்தில் கேட்டுக்கொண்டே போகலாம். பாய்லரில் மட்டும் வாய் வார்த்தை கூடாது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை வருகிறவர் தன் கண்ணால் பார்த்து, அதன் வடிகுழாயைத் திறந்து மூடி மட்டம் சரியாகத் திரும்புகிறதா என்று சோதித்த பிறகே முந்தையவர் நகர வேண்டும். இந்தக் கால் மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று எழுதி வைக்காத ஆலையில் யாரும் முன்னதாக வர மாட்டார்கள். அதில் அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது நொய்ப் பிரச்சினை. ஆலைக்குள் மனக்கசப்பு அதிகம் வளர்வது இங்கேதான். நொய் கூடிவிட்டால் எல்லோர் பார்வையும் ஷெல்லர் ஆபரேட்டர் மேல் போகும், ஏனென்றால் உடைந்தது அவர் இயந்திரத்தில்தானே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பல சமயம் அரிசி டிரையரிலேயே விரிசல் விட்டிருக்கும். வேக வைத்த நெல்லில் ஏறக்குறைய 35 சதவீதம் ஈரம் இருக்கும். அதை ஒரே மூச்சில் 14-க்குக் கொண்டுவந்தால் வெளித்தோல் முன்னதாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் ஈரம் இழுக்க, அரிசியின் குறுக்கே விரிசல் விழும். 16 முதல் 18 சதவீதத்தில் நிறுத்தி, சில மணி நேரம் பின்னில் ஆறவிட்டு, பிறகு குறைந்த சூட்டில் முடிப்பது இதற்காகத்தான். டிரையரை விட்டு வந்த உடனே பார்த்தால் விரிசல் தெரியாது, நேரம் போகப் போகத்தான் விழும். அதனால் டிரையர்காரர் காட்டும் நெல் எப்போதும் நன்றாகவே இருக்கும்.

இந்தச் சண்டையைத் தீர்க்க மேலாளரின் சாமர்த்தியப் பேச்சு தேவையில்லை, நூறு நெல் போதும். ஷெல்லருக்குப் போகும் முன், ஆறிய நெல்லில் ஒரு கை அள்ளி, நூறு மணியைக் கையால் உரித்து, ஒரு கண்ணாடியில் பரப்பி அடியில் டார்ச் அடித்தால் விரிசல் கோடு தெளிவாகத் தெரியும். நூற்றில் பன்னிரண்டு விரிசல் என்றால் ஷெல்லர்காரர் மேல் பழி இல்லை. இரண்டு மூன்றுதான் இருக்கிறது, ஆனாலும் நொய் கூடுகிறது என்றால் அப்போது ரப்பர் ரோலின் இடைவெளி, தேய்மானம், பாலிஷரின் அழுத்தம் என்று வரிசையாகப் பார்க்கலாம். இந்தச் சோதனையை ஷெல்லர்காரரும் டிரையர்காரரும் சேர்ந்தே செய்ய வேண்டும், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க வேண்டும். எண்ணிக்கை லாட் அட்டையில் ஏற வேண்டும். ஒரு மாதம் விடாமல் செய்தால் "அவன் கெடுத்தான், இவன் கெடுத்தான்" என்ற பேச்சு தானாகத் தேய்ந்துவிடும்.

அப்போது சூப்பர்வைசருக்குச் சங்கடமான ஓர் உண்மையும் வெளிவரும். டிரையர்காரர் சூட்டை ஏற்றியது பெரும்பாலும் அவராக ஏற்றியதாக இருக்காது. வாசலில் லாரி நிற்கிறது, நான்கு மணிக்குள் லோடு முடியணும் என்று மேலேயிருந்து வந்த அவசரமாக இருக்கும். அப்படியானால் அட்டையில் அந்த விரிசல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், காரணம் என்று சூப்பர்வைசர் தன் பெயரையே எழுத வேண்டும். அதை எழுதும் கையை ஆட்கள் பார்க்கிறார்கள். அடுத்த முறை தொட்டியடியில் சூடு ஏறினால் ராத்திரியிலேயே சொல்ல அவர்களுக்கு அதுவே தைரியம் தரும்.

அரசுக்கு அரைத்துத் தரும் ஆலைகளில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். அந்த எண்ணை முதலாளி அறையில் பூட்டி வைக்காமல் தினமும் லாட் வாரியாகப் பலகையில் எழுதலாம். பிரிவு வாரியாக எழுதினால் பிரிவுகளுக்குள் போட்டி மூளும், லாட் வாரியாக எழுதினால் தொட்டியிலிருந்து மூட்டை வரை எல்லோருக்கும் ஒரே கவலையாக இருக்கும்.

ஆலைக்குள் இரைச்சல் அதிகம், அதனால் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறோம். கண்டிக்க வேண்டியதை அங்கேயே கண்டித்தால் கேட்பவருக்கு அது இயந்திரச் சத்தத்துக்காகக் கத்தியதா, கோபத்தில் கத்தியதா என்று தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நிச்சயம் கோபமாகவே தெரியும். "அண்ணே, கொஞ்சம் வெளியில வாங்க" என்று களத்து மர நிழலுக்கு அழைத்து வந்து, தாழ்ந்த குரலில், தனியாகச் சொல்வதே சரி. களம் கூட்டும் அக்காக்களிடமும் இதே மரியாதை வேண்டும். நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர் அடியில் நெல் கசிவதையும் மூட்டையில் எலி விழுந்ததையும் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பெயர் சொல்லி அழைத்துப் பேசாத இடத்தில் அவர்கள் பார்த்ததைச் சொல்ல வாய் வராது.

லோடுமேன்களோடு வரும் தகராறு முக்காலும் எண்ணிக்கைத் தகராறு. சனிக்கிழமை மாலை மொத்தமாகக் கூட்டினால் சண்டை நிச்சயம். லாரி நகரும் முன், மேஸ்திரியும் கணக்குப்பிள்ளையும் ஒரே தாளில் மூட்டை எண்ணிக்கை எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. கூலி சொன்ன கிழமையில் கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

விடுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் வேலை உச்சமும் பண்டிகையும் எப்போதும் ஒன்றாக வரும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரில் வந்து குவியும், ஐப்பசி மழையில் ஈரத்தோடு. அதே நாட்களில் தீபாவளி, அதற்கு ஆறாம் நாள் பீகார் தம்பிகளுக்கு சத் பூஜை. சம்பா வரத்து தை, மாசியில். அதற்கு முன்னால் பொங்கல், பின்னால் ஹோலி. கடைசி வாரத்தில் ஆளாளுக்கு விடுப்புக் கேட்டால் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, விடுப்பு மறுக்கப்பட்டவர் சொல்லாமல் ரயில் ஏறிவிடுவார். ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்திலேயே ஒரு நோட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதிவிடுவது நல்லது: யாருக்கு எந்தப் பண்டிகை கட்டாயம், எதில் விட்டுக்கொடுக்க முடியும், போனால் எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எடுத்தாயிற்றா. உள்ளூர் ஆட்கள் சத் பூஜை வாரத்தைத் தாங்கினால், வெளியூர் ஆட்கள் பொங்கல் மூன்று நாளைத் தாங்குவார்கள். இந்தப் பேரத்தை சூப்பர்வைசர் நடத்தத் தேவையில்லை, நோட்டை நடுவில் வைத்து உட்கார வைத்தால் அவர்களே பேசி முடிப்பார்கள். அணை திறப்பு தள்ளிப்போன ஆண்டில் வரத்தும் தள்ளும் என்பதால் அந்த நோட்டை ஆவணியில் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.

பாராட்டு என்பதில் பலர் பொத்தாம் பொதுவாக "எல்லாரும் நல்லா உழைச்சீங்க" என்று ஆயுத பூஜையன்று பொரி கடலையோடு சொல்லி முடித்துவிடுகிறார்கள். தொட்டியடியில் நிற்பவர் பல ஆண்டு வேலை பார்த்தும், தான் ஊறவைத்த நெல் என்ன அரிசியாக வந்தது என்று ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். லாட் முடிந்ததும் மூட்டை தைக்கும் இடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு கை அரிசி எடுத்து, லாட் எண் எழுதிய துண்டுத்தாளோடு வந்த வழியே திரும்ப அனுப்பலாம். ஷெல்லர்காரர் பார்ப்பார், டிரையர்காரர் பார்ப்பார், கடைசியாகத் தொட்டியடிக்குப் போகும். "மூணாம் தொட்டிண்ணே, அந்த சி.ஆர். 1009. அரை மணி கூடுதலா ஊறட்டும்னு விட்டீங்கள்ல, நடுவுல வெள்ளையே இல்ல பாருங்க" என்று கொண்டுபோகிறவர் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் இரண்டு அரிசியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். சரியில்லாத லாட்டுக்கும் தட்டு அதே போல் போக வேண்டும், அதே குரலில்.