மட்டற்ற மகிழ்ச்சி

ஈப்போ சம்பந்தியம்மா, அதாவது தங்கச்சியின் மாமியார், என்னோடு பேச்சை நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள். தங்கச்சி நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தேவலை.

எல்லாம் அம்மாவின் முறுக்கால் வந்த வினை. சே, முறுக்கு பாவம். என்னால் வந்தது.

கோலாலம்பூர் செந்தூலில் அம்மா சுடும் முறுக்கு வாய்ப்பேச்சிலேயே ஓடிய வியாபாரம். கோயிலில் ஒருத்தர் சொல்ல, தாத்தா வேலை செய்த ரயில்வே பட்டறை ஆட்கள் நாலு பேரிடம் சொல்ல, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி இறங்கவே இறங்காது. போன வருசம் எதிர் புளோக்கில் ஒரு பொண்ணு டிக்டாக்கில் வீடியோ போட்டு ராத்திரியோடு ராத்திரியாக 200 போத்தல் விற்றுவிட்டாள். "நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்தானே பார்க்குற?" என்றார் அம்மா. நான் அதில் பார்ப்பது சம்பளக் கணக்கு. அதைச் சொன்னால் மானம் போகுமே என்று தலையாட்டி வைத்தேன்.

வீடியோ எடுத்தோம். முதல் மூன்று விநாடியில் பார்க்கிறவனைப் பிடிக்காவிட்டால் அவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அம்மா மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் வைத்து, கும்பிட்டு, கண்ணைத் திறந்து, மறுபடி ஒருமுறை கும்பிட்டு, முதல் முறுக்கு எண்ணெயில் விழ இரண்டு நிமிடம் ஆனது. நான் 'சொய்ங்' என்று எண்ணெய் பொரியும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"பிள்ளையாரை எங்கடா?"

"வெட்டிட்டேன்ம்மா."

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. வீடியோவைப் பார்த்தவர்கள் 312 பேர். அதில் பாதி என் மாமியார் வீட்டு ஆட்கள், குறை கண்டுபிடிக்கப் பார்த்தவர்கள். "ஆன்ட்டி, மாவு எத்தனைக்கு எத்தனை?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. "வாங்கித் தின்னு கண்டுபிடி" என்று அம்மா பதில் போட்டார். அதற்கு மட்டும் 40 லைக்.

அடுத்தது வாட்ஸ்ஆப். 'புலனம்' என்று எழுதச் சொல்கிறாள், தமிழ்ப்பள்ளி ஆசிரியையைக் கட்டியவனுக்கு வேறு வழி ஏது? சரி, புலனம். வியாபாரத்துக்கென்று தனி நம்பர் வாங்கலாம் என்றேன். "இது உங்கப்பா வாங்கிக் கொடுத்த நம்பர்" என்றார் அம்மா. அந்த நம்பரிலேயே பிசினஸ் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். படம், விலை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஒரே தட்டில் 256 பேருக்குச் செய்தி போகும் பட்டியலும் தயார். அதில் ஒரு சிக்கல். நம் நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "என் நம்பரைப் போட்டு வச்சிருக்கியா?" என்று ஆரம்பிக்கும், முட்டிவலி, மருமகள், பாசாரில் தேங்காய் விலை என்று ஆளுக்கு 40 நிமிடம். மூன்று நாளில் 60 போத்தல் ஆர்டர். பட்டியலில் இன்னும் ஒரு செய்தி கூட அனுப்பியிருக்கவில்லை.

ஆனாலும் நிபுணன் நான் அல்லவா? ரோஜாப்பூ, ஆவி பறக்கும் தேத்தண்ணி, முருகன் என்று அம்மா விடியக்காலையில் அனுப்பும் 'காலை வணக்கம்' படங்களுக்குத் தடை போட்டேன். "வியாபார நம்பர்ல இதெல்லாம் அனுப்பினா ஆளுங்க பிளாக் பண்ணிடுவாங்கம்மா." சரிப்பா என்றார். நிறுத்திவிட்டார்.

கடைசியாக வரவேற்புச் செய்தி. முதன்முதலாக எழுதுகிறவர்களுக்கும், 14 நாள் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டு எழுதுகிறவர்களுக்கும் அது தானாகவே போகும். யாருக்கெல்லாம் என்று கேட்டது. எல்லாருக்கும் என்று தட்டினேன். வாசகம் என்னுடையது, 'மட்டற்ற' மட்டும் ஆசிரியை சேர்த்தது.

நம் சொந்தத்தில் 14 நாளுக்கு ஒருமுறையாவது செய்தி அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்? சாவுக்கு மட்டும் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். சம்பந்தியம்மா விடியக்காலை ஐந்தரைக்கு எழுதினார்: "எங்க பெரியண்ணன் தவறிட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறோம்."

அடுத்த நொடியே பதில்: "வணக்கம்! உங்கள் செய்தி கண்டு மட்டற்ற மகிழ்ச்சி! ஐந்து போத்தல் எடுத்தால் ஒன்று இலவசம்!"

தங்கச்சி எனக்குப் போன் செய்தபோது மணி 5.34. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

காரில் ஈப்போ போனோம். தாப்பா தாண்டும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் சம்பந்தியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார், என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய நாத்தனார் மட்டும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அக்கா, அந்த அஞ்சுக்கு ஒண்ணு இன்னும் இருக்கா?" என்றார். அம்மா கைப்பையில் பேனா தேடியதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

திரும்பும்போது அந்த வரவேற்புச் செய்தியை மாற்றிவிடலாம் என்றால் அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. "சனிக்கிழமை வந்து மாத்திக் கொடு." வரேன்ம்மா என்றேன். நான் இருக்கும் பூச்சோங்கிலிருந்து செந்தூல் தீமோருக்கு ஒரே எல்.ஆர்.டி. ரயில் தடம், நடுவில் இறங்கி ஏறக்கூட வேண்டாம். சனிக்கிழமை போகவில்லை.

நேற்று ஆபீசிலிருந்து எழுதினேன்: "அம்மா, இந்த வாரமும் வர முடியாது போல."

"வணக்கம்! உங்கள் செய்தி கண்டு மட்டற்ற மகிழ்ச்சி! ஐந்து போத்தல்..."

மேலே தள்ளிப் பார்த்தேன். கடைசியாக இருந்தது ஒரு ரோஜாப்பூவும் தேத்தண்ணியும். போன மாதத்து தேதி. அதற்கு நான் பதில் போட்டிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இந்த முறை அம்மாவே தட்டியது, ஒரு வார்த்தை வந்தது: "சாப்பிட்டியா".

நாளைக்குப் போகிறேன். அந்த 'மட்டற்ற'வையாவது எடுக்க வேண்டும்.