ஆளியைத் திறக்கும் கணம்

உயர்தரத்தில் படித்த மின்னியலில் இரண்டு விதிகள்தாம் எனக்குத் தொழிலில் நாள்தோறும் கைகொடுக்கின்றன. மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவியின் குறுக்கேயுள்ள அழுத்தவேறுபாடு ஒரு கணத்தில் தாவி மாறாது. கம்பிச்சுருளான தூண்டியினூடாகச் செல்லும் மின்னோட்டமும் அப்படித் தாவி மாறாது. திருகோணமலையில் மீன்பிடிக் கலங்களின் மின்னிணைப்புகளைப் பழுதுபார்க்கும்போது நான் காணும் கோளாறுகளிற் பல, ஆளியை மூடி மின்னைச் செலுத்தும் அல்லது திறந்து துண்டிக்கும் அந்தச் சிறு பொழுதிலேயே உருவாகின்றன.

கொட்பேயில் நிற்கும் பலநாள் கலமொன்றில், 24 வோல்ற்றுப் பற்றரிகளுடன், நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரின் வயரைத் தொடுத்தவுடன் பளீரென்று பொறி பறக்கும். இன்வேட்டர் எரிந்துவிட்டதென்று உரிமையாளர் பதறுவார். உண்மையில் உள்ளேயிருக்கும் வெறுமையான கொள்ளளவிகள் முதற் கணத்தில் வெறுங்கம்பிபோலவே நடந்துகொள்கின்றன. ஓட்டத்தைத் தடுக்க வயரினதும் பற்றரியினதும் சொற்பத் தடையன்றி வேறெதுவும் இல்லை. ஆகவே, 21 வாற்று மின்குமிழொன்றைத் தொடராக வைத்து முதலில் இணைப்பேன். குமிழ் ஒருமுறை மின்னி மங்கும்; மங்கியபின் வயரை நேரடியாகப் பூட்டினால் பொறியே வராது. மங்காமல் எரிந்துகொண்டேயிருந்தால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று இருக்கிறதென்று ஐயப்படலாம்.

தூண்டியின் குணம் இதற்கு மறுதலையானது. மூடும்போது அது சாது. மின்னோட்டம் மெல்லவே ஏறும். திறக்கும்போதுதான் அடம்பிடிக்கும். சுருளின் காந்தத்தால் இயங்கும் ஆளியான ரிலேயை எடுங்கள்; 24 வோல்ற்று ரிலேச் சுருளின் தடை 480 ஓம் என்றால் அதில் 50 மில்லியம்பியர் ஓடும். ஆளியைத் திறந்ததும் அந்த ஓட்டத்துக்கு வழியில்லாமற் போக, சுருள் நூற்றுக்கணக்கான வோல்ற்றுகளை எழுப்பியாவது வழி தேடும். திறக்கும் தொடுகைகளுக்கிடையே சுடர் பாயும். சிறு சுருளே இவ்வளவு செய்யுமென்றால், பல அம்பியர் இழுக்கும் அடித்தள நீர்ப் பம்பை அடிக்கடி நிறுத்தும் மிதவை ஆளியின் தொடுகைகள் கருகிக் குழிவிழுவதில் வியப்பில்லை. பழி மட்டும் எப்போதும் உப்புக் காற்றின் மீது விழுகிறது.

சுருளின் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் டயோட்டொன்றை வழமையான திசைக்கு எதிர்முகமாக வைத்தால், திறந்தபின் ஓட்டம் அதனூடாகச் சுற்றித் தணியும்; எழும் அழுத்தம் ஒரு வோல்ற்றையும் எட்டாது. ஆனால் இதற்கும் ஒரு விலையுண்டு. ஓட்டம் மெதுவாகத் தணிவதால் ரிலே விடுபடத் தாமதமாகிறது, தொடுகைகளும் தயங்கித் திறக்கின்றன. டயோட்டுடன் தொடராகத் தடையியொன்றைச் சேர்த்தால் அழுத்தம் சற்று உயரும், ரிலேயோ விரைவில் விடும். சுருளின் தடைக்கு ஏறத்தாழச் சமமான தடையியே பொருத்தமென்பது என் கணிப்பு.

கரையில் 230 வோல்ற்றில் இயங்கும் பற்றரி சார்ஜர்களைத் திறக்கும்போது நிலைமை வேறு. "அண்ணை, பிளக்கைக் கழட்டிட்டன்" என்று பயிலுநர் சொன்னாலும் நான் கைவைக்க விடுவதில்லை. ஆடலோட்டத்தை நேரோட்டமாகச் சீராக்கிய பின் 470 மைக்ரோபரட் கொள்ளளவியில் 325 வோல்ற்று நிற்கும். அதன் குறுக்கே 100 கிலோஓம் தடையி இருந்தால், 47 செக்கன்கள் கழிந்தும் ஏறக்குறைய 120 வோல்ற்று எஞ்சியிருக்கும். அத்தடையியே அறுந்துபோயிருந்தால் இந்தக் கணக்கால் பயனில்லை. திருப்புளியால் குறுக்கிட்டு வெடிக்கவைக்கும் பழக்கத்தை நான் அனுமதிப்பதில்லை, 2.2 கிலோஓம் கம்பிச்சுற்றுத் தடையியொன்றைக் காப்பிட்ட முனைகளால் 5 செக்கன்கள் பிடித்தபின், மீற்றரில் பார்த்துவிட்டே பலகையைக் கழற்றச் சொல்வேன்.