என் படகின் ஜாதகம் (பாதி மட்டும்)

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தேகால் மணிக்கு, சவுக்குத் தோப்பில் கொசுக்கடிக்கு நடுவே, படகின் அணியத்தில் (முன்பக்கம்) இரண்டு எழுத்துகள் தெரிந்தன: பி, ஒய். நாலு மாத அலைச்சலுக்குப் பலன். டி, என் என்றுதான் வரும் என்று நினைத்திருந்தேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த தோப்புக் காவலரிடம், "அண்ணே, இது தமிழ்நாட்டுப் படகே இல்ல, புதுச்சேரி!" என்று கத்தினேன். "அதுக்கு ஏன் சார் இவ்ளோ சந்தோஷம்?" என்றார். அவருக்கு என்ன சொல்வது?

முன்கதை இரண்டு வரியில். இருபத்து நாலடி பைபர் வள்ளம், பழவேற்காட்டில் ஒரு தரகர் மூலம் வாங்கியது. இன்ஜின் இல்லை. பேப்பர் இல்லை. எண் இருந்த இடத்தைச் சுரண்டி நீலம் அடித்திருந்தார்கள். இதற்கு முன் இரண்டு தடவை கைமாறியிருக்கிறது, இரண்டும் வெறும் பத்திரத்தாளில். "சுனாமிக்கு ஜப்பான்ல இருந்து வந்த போட்டு சார்" என்று தரகர் சத்தியம் செய்தார். எந்தத் துறைமுகத்துப் பதிவு என்று தெரியாமல் பெயர் மாற்ற முடியாது. பதிவு இல்லாமல் நான் தண்ணீரில் இறக்கப் போவதும் இல்லை. அதனால் தொடங்கிய தேடல் இது. அப்புறம் அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது.

வெளிநாட்டுக் கதை முதல் வாரமே அடிபட்டுப்போனது. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகு என்றால் அமரத்தின் (பின்பக்கம்) வலது மேல் மூலையில் பன்னிரண்டு எழுத்தில் ஓர் எண் பதித்திருக்கும். ஐரோப்பாவிலும் 1998லிருந்து உல்லாசப் படகுகளுக்கு அது கட்டாயம். நம் கடற்கரைக் கொட்டகையில் பிறந்ததற்கு அதெல்லாம் ஏது? என் படகின் அமரத்தில் இருந்தது ஒரு சூலமும் 'துணை' என்ற சொல்லும்தான். எந்தச் சாமி துணை என்பது பெயின்ட்டோடு போய்விட்டது.

இன்ஜின் மேடையின் போல்ட் துளைகளை அளந்து நாலு மெக்கானிக்கிடம் காட்டினேன். நாலு பேரும் நாலு இன்ஜின் சொன்னார்கள். அந்த வழி அதோடு முடிந்தது.

இனி எண் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வாரம் முட்டாள்தனமாக வீணாக்கினேன். சுரண்டிய இடம் இடப்பக்கம். குற்றம் நடந்த இடத்தில்தானே தடயம் இருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் எழுத்து வெயிலை மறைப்பதால் அதற்கடியில் இருக்கும் ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) குறைவாக வெளுக்கும், பெயின்ட் போனாலும் எழுத்தின் நிழல் இருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சுரண்டியவர் இரும்புத் தகட்டால் ஜெல்கோட்டையும் சேர்த்து உழுதிருந்தார். நான் என் பங்குக்கு 220 உப்புத்தாளைப் போட்டு மிச்சத்தையும் தேய்த்துத் தொலைத்தேன். முதலிலேயே அதைவிட நைசான 600 வாட்டர் பேப்பரும் சோப்புத் தண்ணீருமாக, காசளவு வட்டமாகத் தேய்த்திருக்க வேண்டும். அப்படித் தேய்த்தால் மரத்தை அறுத்த வளையம் போல ஒவ்வொரு பெயின்ட் பூச்சும் தெரியும். நீலம், அதனடியில் பச்சை, இன்னொரு நீலம், அப்புறம் வெள்ளை ஜெல்கோட்.

வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தரகரின் இடத்தில் அந்தப் பக்கம் சுவரை ஒட்டிக் கிடந்திருக்கிறது. சுரண்டச் சோம்பேறித்தனப்பட்டு மேலே நீலத்தை மட்டும் இழுத்துவிட்டிருந்தார்கள். சோம்பேறிகள் வாழ்க!

பிரஷ்ஷால் எழுதிய எழுத்துக்கு ஓரத்தில் வரப்பு இருக்கும். மேலே இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தாலும் அது முழுக்கச் சமன் ஆகாது. பகலில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. இருட்டில் டார்ச்சைப் படகோடு படுக்கப் போட்டு, வெளிச்சம் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி பிடித்தால் வரப்பின் நிழல் விழும். டார்ச் ஒரு விரல் தள்ளி இருந்தாலும் போச்சு. ஒரு கோட்டுக்கு ஒரு கோணம். நின்ற கோடு தெரிந்தால் படுத்த கோடு மறையும். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு திசையிலிருந்து போட்டோ எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அதிலும் பாதிதான் வந்தது. மீதியைக் கொடுத்தது திருநீறு. கரித்தூளும் பென்சிலும் நீலத்தில் எடுக்கவில்லை. சட்டைப்பையில் வடபழனிப் பொட்டலம் இருந்தது. மேக்கப் பிரஷ்ஷில் தொட்டு லேசாகத் தடவி ஊதினேன். தூள் வரப்போரத்தில் மட்டும் தங்கியது. ஐ.என்.டி., பி.ஒய்., பி.கே., கடைசியில் எண்கள். கடைசி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று இன்னும் சண்டை. "போட்டுக்கே பட்டை போட்டுட்டீங்களே சார்" என்றார் காவலர். டால்கம் பவுடரிலும் வரும், முயன்று பாருங்கள். திருநீறு இன்னும் நைஸ்.

பி.கே. என்றால் காரைக்கால். ஆனால் உடனே குதிக்கக் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகுதான் நாடு முழுக்க மீன்பிடிப் படகுகளுக்கு இந்த ஒரே மாதிரி எண் முறை வந்தது. ஆகவே அதன் பிறகு எப்போதோ படகு காரைக்காலில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். வாழ்ந்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறாக இருக்கலாம்.

பிறந்த ஊருக்கு வேறு சாட்சி கையில் இருந்தது. போன மாதம் அமரத்துப் பெட்டியைத் திறந்து, தண்ணீர் குடித்துக் கனத்துப்போன ஃபோமை வெட்டி எடுத்தேன் (பதினோரு கிலோ தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது அந்த 'மிதவை'). பெட்டியின் மூலையில், ஃபோம் வழியாமல் இருக்கச் சொருகிய செய்தித்தாள் துண்டு ரெசினில் (பைபரை இறுக்கும் பிசின்) ஊறிக் கண்ணாடி போல நின்றது. தேதி இல்லை. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் கால்வாசி: '...டித் தள்ளுபடி'. அதன் கீழே 04368 என்று தொடங்கும் தொலைபேசி எண். அது காரைக்கால் எஸ்.டி.டி. கோடு. வருடம் தெரியாது, மாதம் மட்டும் தெரியும், ஆடி. அந்தப் பத்திரிகை நாகப்பட்டினத்திலும் விற்றிருக்கும் என்பதால் அன்று ரொம்ப நம்பவில்லை. இப்போது எண்ணும் அதே ஊரைச் சொல்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி தழும்புதான். வலப்பக்கம், அணியத்திலிருந்து நாலடி தள்ளி, புத்தகம் அளவுக்கு ஒரு செவ்வகம் ஒரு மில்லி மேடாக நிற்கிறது. பழைய ஒட்டு என்று நினைத்துப் பிரிக்கப் போனேன். உள்பக்கம் கைவைத்தால் அடி, மோதல், எதுவும் இல்லை. மேலே தேய்த்துப் பார்த்தால் வெள்ளை ஜெல்கோட் அந்த மேட்டின் மேல் இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. ஒட்டு போட்டிருந்தால் விளிம்பில் ஜெல்கோட் முறிந்திருக்குமே? இரண்டு நாள் மண்டை காய்ந்தது. அப்புறம் பொறி தட்டியது. ஒட்டு இந்தப் படகில் இல்லை, இதன் தாயில் இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு படகைக் கவிழ்த்து, மெழுகு தடவி, அதன் மேலேயே மோல்டு (அச்சு) எடுத்திருக்கிறார்கள். தாயின் மேடு மோல்டில் பள்ளமாகி, குட்டியில் திரும்பவும் மேடாகிவிட்டது. அப்படியானால் அந்த மோல்டில் இறங்கிய எல்லாப் படகுக்கும் இதே இடத்தில் இதே தழும்பு இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் போனேன். கிளிஞ்சல்மேட்டில் கால் மணி நேரத்தில் முதல் படகு. அதே செவ்வகம், அதே இடம், ஒரு மூலை கொஞ்சம் மழுங்கியது உட்பட. தடவிப் பார்த்துக்கொண்டே நின்ற என்னை வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "என்ன தம்பி, மச்சம் பாக்குறியா?" அங்கே அந்த வரிசைப் படகுகளுக்கே 'மச்சப் போட்டு' என்றுதான் பேராம். சுனாமிக்கு அடுத்த வருஷம் கீற்றுக் கொட்டகை போட்டு ராத்திரி பகலாக இறக்கினார்களாம். ஆடிக் காற்றில் கொட்டகை பறந்தும் வேலை நிற்கவில்லையாம். ஆடி என்றதும் என் செய்தித்தாள் துண்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2005ல் அந்தக் கடற்கரை முழுக்க எப்படி இருந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். கட்டுமரம் போனவர்களுக்கும் பைபர்தான் கொடுத்தார்கள். பணம் வந்து குவிந்தது, திடீர்ப் பட்டறைகளும் குவிந்தன. மெலிந்த உடம்போடு இறங்கிய படகுகள் இரண்டு சீசனில் பிளந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். என்னுடையது எந்த ரகம்?

அதற்கு எரித்துப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் வடிய அடியில் துளை போட்டபோது கிடைத்த ஐந்து சென்டிமீட்டர் வில்லையைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆறரை மில்லி தடிமன், 19 கிராம். பல் செட் செய்யும் லேப் வைத்திருக்கும் நண்பரின் உலையில் 600 டிகிரியில் வைத்தோம். ரெசின் முழுக்க எரிந்து, வெள்ளை வெளேரென்று கண்ணாடி நார் மட்டும் அப்பளம் போல மிஞ்சியது. 6.5 கிராம். நூற்றுக்கு முப்பத்து நாலு கண்ணாடி, கையால் போட்ட வேலைக்கு மோசமில்லை. அடுத்த இரண்டு மணி நேரம் மூச்சுக்கூட விடாமல் இடுக்கியால் அடுக்கு அடுக்காகப் பிரித்து நகைத் தராசில் நிறுத்தேன். அந்த அளவு வில்லையில் 300 மேட்டு (நறுக்கிய கண்ணாடி நார் விரிப்பு, எண் ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) 0.59 கிராம், 450 மேட்டு 0.88, 610 ரோவிங் (நெய்த கண்ணாடி நார்) 1.2 வர வேண்டும். ரோவிங்குக்குத் தராசே வேண்டாம், பாய் முடைந்த மாதிரி கண்ணுக்கே தெரியும். வந்த வரிசை: ஜெல்கோட்டுக்குப் பின்னால் 300, அப்புறம் 450 இரண்டு, ரோவிங், 450, ரோவிங், கடைசியாக 450. ஏழு அடுக்கு! இரண்டு ரோவிங்குக்கு நடுவில் மேட்டு போட மறக்காத ஆள். கொட்டகையில் செய்தாலும் தொழில் தெரிந்தவன் செய்திருக்கிறான்.

தராசுப் பழக்கம் இன்னொரு விதத்தில் உதவியது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 450 என்று கொடுத்த மேட்டைப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நிறுத்தேன். நாலரை கிராம் வர வேண்டியது மூன்றுதான் வந்தது. 300ஐத் தலையில் கட்டிவிட்டார்கள். மாற்றித் தரவில்லை. இப்போது தராசோடுதான் கடைக்குப் போகிறேன். ரெசினும் இந்த வெயிலில் வாங்கி ஸ்டாக் வைக்காதீர்கள். மே மாதம், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைப் பாதியாகக் குறைத்தும் எட்டு நிமிடத்தில் மக்கிலேயே இறுகியது. தரை போடுவது, மூங்கில் பருமலோடு (பாய் கட்டும் கழி) சின்னப் பாய் ஏற்றுவது எல்லாம் ஐப்பசிக்கு மேல்தான். பாய்த்துணிக்கு மட்டும் விலை விசாரித்து வைத்திருக்கிறேன், அதைப் பற்றித் தனியாகப் புலம்புகிறேன்.

சரி, காரைக்காலுக்குத் திரும்புவோம். கரையில் உடைந்து கிடந்த இன்னொரு மச்சப் போட்டிலிருந்து, கேட்டு வாங்கி, ஒரு துண்டு கொண்டுவந்தேன். எரித்தால் ஆறு அடுக்குதான். கடைசி ரோவிங் இல்லை, அதன் இடத்தில் மேட்டோடு மேட்டு. மோல்டு ஒன்றுதான், கை வேறு. அல்லது அதே கையை யாரோ அவசரப்படுத்தியிருக்கிறார்கள். என்னுடையது முதலில் இறங்கியதா, கடைசியில் இறங்கியதா? துண்டு இரண்டை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இன்னும் நாலைந்து வேண்டும்.

தாயைத்தான் இன்னும் காணோம். பட்டறைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஐஸ் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. நடத்தியவர் கேரளாப் பக்கம் போய்விட்டதாக ஒருவர், காலமாகிவிட்டதாக இன்னொருவர். பெரியவர் மட்டும், ஒட்டோடு இருந்த அந்தப் பழைய படகைத் தரங்கம்பாடிப் பக்கம் யாரோ வாங்கிப் போனார்கள் என்கிறார், பச்சைக் கலர் என்கிறார். கரையில் பாதிப் படகு பச்சைதான். அதில் உண்மையான ஒட்டு இருக்க வேண்டும், உள்ளே அடிபட்ட தடமும் இருக்க வேண்டும், மேலே ஜெல்கோட் முறிந்திருக்க வேண்டும். கண்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

மீன்வளத் துறை அலுவலகத்தில் எண்ணைக் கொடுத்து எழுதிக் கேட்டிருக்கிறேன். மூன்று, எட்டு இரண்டையும் போட்டே கொடுத்தேன். அடுத்த ஞாயிறு தரங்கம்பாடி. துண்டு கிடைத்தாலும் எரிக்க வேறு உலை பார்க்க வேண்டும். பல் லேப் நண்பர் போன் எடுப்பதில்லை. உலையில் ரெசின் வாடை இன்னும் போகவில்லையாம், யாரோ ஒருவர் செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "என்னங்க, பெயின்ட் வாசனை வருது" என்று கேட்டாராம்.