தபால்தலைக்குள் ஒரு யாளி: என் இரண்டாவது யூசீட்

யூசீட் (ஐஐடி மாதிரி இடங்களில் பி.டெஸ் என்கிற டிசைன் பட்டப்படிப்பில் சேர எழுதும் நுழைவுத்தேர்வு) ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. ரேங்க் நூற்றுச் சொச்சம். பம்பாய் ஐஐடி கிடைக்காது, ஆனால் வேறு ஏதாவது ஓர் இடத்தில் சீட் உறுதி என்று தெரிந்த பிறகுதான் ராத்திரி தூக்கமே வந்தது. எனக்கு இது இரண்டாவது முயற்சி. அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் போன வருடம் எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன். டாப்பர் பேட்டி மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்காலியும் மிக்ஸியும் டிசைன் செய்கிற ஆசை கிடையாது. ஃபேன்டஸி நாவல்களுக்கு அட்டைப்படம் வரைய வேண்டும், அவ்வளவுதான். எட்டாவது படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் மைக்கேல் வீலன் (ஃபேன்டஸி அட்டைகளுக்குப் பேர் போன அமெரிக்க ஓவியர்) அட்டை போட்ட ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது, உள்ளே ஒரு பக்கம்கூடப் புரியவில்லை, அட்டையை மட்டும் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு எதற்கு பி.டெஸ் என்று கேட்பவர்களுக்கு: அட்டையில் பாதி வேலை எழுத்து. ஓவியம் மட்டும் தெரிந்தால் பத்தாது என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், கீழே வருகிறது.

போன வருடம் ஏ பகுதியில் (கணினியில் விடை குறிக்கிற கேள்விகள்) 98, பி பகுதியில் (தாளில் கையால் வரைகிறது) 34. இந்த வருடம் ஏ 101, பி 66. வித்தியாசம் எங்கே வந்தது என்று பாருங்கள். ஒரு வருடம் முழுக்க ரீசனிங் புத்தகத்தைக் கரைத்துக் குடித்ததற்கு மூன்று மார்க்.

போன வருடம் நடந்தது இது. வரைதல் கேள்விக்கு, ஒரு பெரியவர் முன்னால் வருகிற மாதிரி காட்சி யோசித்தேன். எனக்குக் கை சும்மா இருக்காது, தாடியில் ஆரம்பித்தேன். தாடி, நெற்றிச் சுருக்கம், துண்டின் மடிப்பு, பின்னால் வேப்பமரப் பட்டை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் போயிருந்தது, தாள் பெரியவரின் முழங்காலோடு முடிந்துவிட்டது. பாதம் வைக்க இடமில்லை. அவசரத்தில் முன்னால் ஒரு புதரை வரைந்து காலை மறைத்தேன். நடுத்தெருவில் புதர்! இரண்டாவது கேள்விக்கு மிச்சம் இருந்த நேரத்தில் குச்சி மனிதர்கள்தான் போட முடிந்தது. கோச்சிங்கில் (பேர் வேண்டாம், ஃபீஸ் கட்டிய வலி இன்னும் இருக்கிறது) அறுபது முகங்களை மனப்பாடமாக வரையக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த முகம் தாளில் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் மே மாதம் ஒரு வேலை வந்தது. இணையத்தில் தொடர்கதை எழுதுகிற ஒருவர், தன் மாயாஜால நாவலை மின்னூலாகப் போடப் போவதாகவும், அட்டைக்கு 1,500 ரூபாய் தருவதாகவும் சொன்னார். கதையில் யாளி வருகிறது. விடுவேனா? மதுரை புது மண்டபத்துக்குப் போய் தூண் யாளியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, துதிக்கை, கோரைப்பல், பிடரி என்று பதினோரு நாள் வரைந்தேன். பிடரியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக. அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில்: "யாளி பிரமாதம் தம்பி. தலைப்பை எங்க போடுறது?"

மேல் விளிம்பில் இருந்து கீழ் விளிம்பு வரை யாளிதான். ஒரு விரல் அகலம்கூடக் காலி இல்லை.

எங்கள் ஊர் சிவகாசி, அப்பா ஆஃப்செட் மெஷினில் இருக்கிறார். போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "என்னடா இது, வெங்காய பஜ்ஜியா?" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் மின்னூல் விற்கிற இணையப் பக்கத்தில் மற்ற புத்தகங்களோடு நகத்தளவில் பார்த்தபோது எனக்கும் பஜ்ஜிதான் தெரிந்தது. அப்பா சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். சாமி படம், அதன் கீழே கடைப் பேருக்குப் பட்டை, அதற்கும் கீழே தேதிக் கட்டு. "பேருக்கு இடத்த விட்டுட்டுத்தான் படமே. ஓரத்த வெட்டுற கட்டிங்குக்கு மூணு மில்லி தனியா விடணும். நீ யாளி வாலையே கட்டிங்ல குடுத்துருக்க."

அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒழுங்காகத் தேடிப் படித்தேன். வீலன் வரைய உட்காரும் முன் கதையைப் படித்துவிடுகிறவர். பதிப்பகத்தின் ஆர்ட் டைரக்டருக்கு முதலில் போவது முடிந்த ஓவியம் கிடையாது, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னக் கிறுக்கல்கள். அதில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தால் அப்புறம் பெரிய ஸ்கெட்ச், அதற்கும் சரி என்றால்தான் கலர். மேலே தலைப்புக்கு இடம், முதுகுப் பக்கத்துக்கு இடம், பின்னட்டையில் பார்கோடுக்கு இடம் எல்லாம் அந்தக் கிறுக்கலிலேயே முடிவாகிவிடும். கவசத்தில் செதில் வரைவது கடைசி வேலை. நான் பதினோரு நாளும் கடைசி வேலையை மட்டும் செய்திருக்கிறேன்.

சரி, இதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். எவ்வளவு அவசரம் என்றாலும் முதலில் தபால்தலை அளவில் நாலு கட்டம் போடுங்கள். மூன்றே நிறம்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. கண், மூக்கு, விரல் எதுவும் கூடாது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். புரியாவிட்டால் அடுத்த கட்டம். மே முடிந்து ஜனவரி வரை தினம் பத்து கட்டம் போட்டேன், பேப்பர் செலவு இல்லை, அச்சகத்தில் வெட்டிப் போட்ட ஓரத்தாள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பஸ் ஸ்டாண்ட், மளிகைக் கடை, கல்யாணப் பந்தி, எல்லாம் தபால்தலைதான். பெரிய படம் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வரையவே இல்லை.

தேர்வில் பி பகுதிக்கு நேரத்தைப் பிரித்த விதம்:

கேள்வியை இரண்டு தடவை படிக்க 2 நிமிடம். போன தடவை யார் கண்ணிலிருந்து பார்க்கிற காட்சி என்பதையே கவனிக்கவில்லை.
நாலு கட்டம், 5 நிமிடம்.
தேர்ந்தெடுத்ததைத் தாளில் லேசாகப் பெரிதாக்க 6. முதலில் பாதம், அப்புறம் தலை. ஆமாம், பாதம் முதலில்.
கோடும் நிழலும் 14. முன்னால் இருப்பவர் மட்டும் அழுத்தமாக, பின்னால் போகப் போக வெளிறலாக.
மிச்சம் முழுக்க இரண்டாவது கேள்விக்கு. ஐம்பது மார்க் அதிலும் இருக்கிறது, அதை எப்போதும் மறந்துவிடுகிறோம்.

இந்த முறை என் படத்தில் முகங்களில் கண்கூடச் சரியாக இல்லை. முன்னால் குனிந்து நிற்கிற அம்மா மட்டும் கறுப்பாக, மற்றவர்கள் எல்லாம் சாம்பல் திட்டுகள். பக்கத்து சீட்டுப் பையன் அற்புதமாக ஒரு கை வரைந்துகொண்டிருந்தான், அதைப் பார்த்து ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பார்க்காதீர்கள்.

ஏ பகுதி பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் கேட்பீர்கள்:

- என்ஏடி (விடையாக எண்ணை டைப் செய்கிற கேள்விகள்) பதினாலுக்கும் மைனஸ் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.
- எம்எஸ்க்யூவில் (ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விகள்) எல்லா விடையும் தெரியாவிட்டாலும், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் குறித்தால் கொஞ்சம் மார்க்காவது வரும். ஒன்று தப்பாகக் குறித்தாலும் மைனஸ் ஒன்று. ஆசைப்பட்டு நான் இழந்தது அங்கேதான்.
- பெட்டியை மடிக்கிற கேள்விகளுக்கு நிஜமாகவே அட்டையை வெட்டி மடித்துப் பழகுங்கள். அச்சகத்துப் பிள்ளை என்பதால் எனக்கு இது சுலபம், மற்றவர்களுக்கு எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.
- பழைய கேள்வித்தாள்கள் யூசீட் தளத்திலேயே சும்மா கிடைக்கின்றன. அதற்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்காதீர்கள்.
- ஏ பகுதியில் கட்ஆஃப் தாண்டாவிட்டால் பி பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே என்னை நம்பி ஏ பகுதியை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது.

நான் மெதுவாக வரைகிறவன், நுணுக்கத்தில் விழுந்துவிடுகிற ஆள். உங்களுக்குக் கை வேகமாக ஓடும் என்றால் இந்தக் கட்டம் போடுகிற வேலை எரிச்சலாக இருக்கலாம். அப்படிப்பட்ட தோழி ஒருத்தி நேராகத் தாளில் இறங்கி என்னைவிட ஒன்பது மார்க் கூட வாங்கியிருக்கிறாள். அவளிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

அந்த யாளி என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டார்கள். மறுபடி வரைந்தேன். முழு உருவம் இல்லை, கீழ்ப் பாதியில் தலை மட்டும், கறுப்பாக, வாய்க்குள் ஒரு சின்ன வெளிச்சம், மேலே வெறும் வானம். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. தலைப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாம் பாகத்துக்கு அந்த எழுத்தாளர் ஏஐயில் ஏதோ ஒரு படம் போட்டுக்கொண்டார். யாளிக்கு அதில் ஐந்து கால். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அந்த 1,500 ரூபாயில்தான் தேர்வுக்குப் பொதிகையில் சென்னை போய் வந்தேன்.

சீட் விருப்பப் பட்டியல் நிரப்புவது பற்றித் தனியாக எழுதச் சொல்கிறார்கள். எனக்கே இன்னும் குழப்பமாக இருக்கிறது, முடித்த பிறகு எழுதுகிறேன். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் பதில் வரும். பகலில் அப்பாவோடு கட்டிங் மெஷினில் நிற்கிறேன்.