காலையில் மட்டும் அடம்பிடித்த கணினி

எங்கள் வீட்டுக் கணினி உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டியது. விண்டோஸ் 10 ஓடுகிறது. மார்கழி பிறந்ததும் அதற்கு ஒரு நோய் வந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விண்டோஸ் சின்னம் வரும், கீழே புள்ளிகள் சுழலத் தொடங்கும், பட்டென்று திரை கருத்துவிடும். பிறகு தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படிப் பல முறை விழுந்து எழுந்த பின், ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே போய்விடும். அதன் பிறகு இரவு வரை ஒரு தொல்லையும் இல்லை.

மன்னார்குடியில் ஒரு கடையில் காட்டினேன். பெட்டியைத் திறக்காமலே, "விண்டோஸ் போய்விட்டது சார், பார்மட் போட வேண்டும்" என்றார்கள். பார்மட் என்றால் டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழிப்பது. இது எனக்குப் பிடிக்காத சொல். தை அறுவடைக்கு முன் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குத் தேவைப்படும் சிட்டா, அடங்கல் நகல்கள் அதில்தான் இருந்தன. குடும்பப் படங்களும் அப்படியே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு விண்டோஸிலா, இயந்திரத்திலா என்பது. இதற்குச் செலவே இல்லை. கணினி தொடங்கும்போது டெலிட் விசையைத் தட்டி, விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், எதையும் தொடாமல் சும்மா விட்டு வைத்தேன். அந்த இடத்தில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கேயும் திரை கருத்தது. பார்மட் பேச்சு என்னைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

பயாஸில் மணிக்கணக்கில் நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் விழுந்தால் கதை வேறு. தொடங்கும் முயற்சி அடுத்தடுத்துத் தோற்றால் விண்டோஸ் 10 பழுதுபார்க்கும் திரையைத் தானே காட்டும். அதில் தொடக்க அமைப்புகளுக்குள் போய் 9 என்ற எண்ணை அழுத்தினால், தானாக மறுதொடக்கம் ஆவது நின்றுவிடும். நீலத் திரையில் பிழைக் குறியீடு நிலைத்து நிற்கும், எழுதிக்கொள்ளலாம். எனக்கு நீலத் திரை ஒரு முறைகூட வரவில்லை. கரண்டைப் பிடுங்கியதுபோல் அறுந்து போவதுதான் வந்தது.

அடுத்து, தேவையற்றதையெல்லாம் கழற்றினேன்: பிரிண்டர், பென் டிரைவ், ஸ்பீக்கர். ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டினேன். உள்ளே பதரும் தூசியும் அடை கட்டியிருந்தன. களத்துமேட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேறென்ன இருக்கும்! தூரிகையால் சுத்தம் செய்தேன். ஆனால் பயாஸ் காட்டிய வெப்பநிலை ஆரம்பத்திலேயே சாதாரணமாகத்தான் இருந்தது. ரீசெட் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்குமோ என்று முன்பக்க வயர்களைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் பவர் பொத்தானுக்கான இரண்டு முள்களை மட்டும் ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டுத் தொடங்கினேன். பலனில்லை.

வோல்டேஜ் குறைவுதான் காரணம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். கோடையில் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும்போது சொன்னால் நம்பலாம். மார்கழியில் வயலில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் போடுபவர் யார்? அதோடு, மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் ஓடும் கணினி, விடியற்காலையில் ஏன் மறுக்க வேண்டும்?

மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் தம்பியிடம் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் கேட்கப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவரே கிளம்பி வந்தார். "அண்ணே, மோட்டார் இழுக்காமல் உறுமிக்கொண்டு நிற்குமே, அந்தக் கதைதான். கெப்பாசிட்டர் போயிருக்கும்."

மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கும் சிறு பாகம்தான் கெப்பாசிட்டர். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் வயர்களில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சளில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. மறுநாள் காலை, பெட்டி ஆறிக் கிடந்தபோது அளந்தோம். தொடங்கியதும் சரியாகக் காட்டிய மீட்டர், சின்னம் வரும் நேரத்தில் 11-க்கும் கீழே சரிந்தது. உடனே திரை கருத்தது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை அவர்தான் திறந்தார், நான் தள்ளி நின்றேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர்கள் எஸ்.எம்.பி.எஸ். மூடியில் கை வைக்கவே வேண்டாம். கணினிக்கு மின்சாரம் வெளிவரும் பக்கத்தில் இருந்த சிறிய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. வயதான கெப்பாசிட்டரின் உள்தடை குளிர்ந்திருக்கும்போது கூடுதலாக இருக்கும், சூடேறினால் குறையும். விழுந்து எழுந்து அது தன்னைத் தானே சூடாக்கிக்கொண்ட பிறகுதான் ஒவ்வொரு நாளும் ஓடியிருக்கிறது.

கெப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தருவதாகத் தம்பி சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று உப்பினால் மற்றவையும் அதே வயதுதான். தஞ்சாவூரில் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கினேன். மாட்டும்போது 24 முள் இணைப்பை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள 4 முள் இணைப்பை விட்டுவிட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

மறுநாள் விடியலில் முதல் அழுத்தலிலேயே திறந்தது. அத்தனை முறை திடீரென்று அறுந்ததில் ஹார்ட் டிஸ்க் என்ன ஆனதோ என்ற கவலை மட்டும் இருந்தது. முதலில் கோப்புகளையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகலெடுத்தேன், பிறகுதான் டிஸ்க் சோதனையை ஓடவிட்டேன். சில கோப்புப் பிழைகளைத் திருத்தியது. சிட்டாவும் அடங்கலும் சேதமில்லாமல் திறந்தன.